சோளகரைக் கேட்காமல் காட்டுக்குத் திட்டமா?

பழைய வீட்டைப் பழுது பார்க்க வருகிற கொத்தனார் முதலில் அந்த வீட்டில் குடியிருப்பவரைத்தான் விசாரிப்பார். எந்த மூலையில் ஒழுகுகிறது, எந்தச் சுவர் ஈரம் ஊறி நிற்கிறது, எந்த நிலையைக் கறையான் அரித்திருக்கிறது என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். குடியிருப்பவரைத் தெருவில் நிறுத்திவிட்டு, பட்டணத்தில் வரைந்த படத்தைக் கையில் வைத்துக்கொண்டு சுவரை இடிக்கத் தொடங்கும் கொத்தனாரை யாராவது கெட்டிக்காரர் என்று சொல்லுவார்களா? ஆனால் நம் தேசத்தில் காடுகளுக்குத் திட்டம் போடும்போது மட்டும் இந்தச் சாதாரண நியாயம் எப்படியோ மறந்துபோய்விடுகிறது.

2024-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையம் மாநில அரசுகளுக்கு ஒரு கடிதம் எழுதிற்று. புலிகள் காப்பகங்களின் உட்பகுதிகளில் இன்னும் 591 கிராமங்கள் இருக்கின்றன, அவற்றில் 64,801 குடும்பங்கள் வசிக்கின்றன, இவர்களை வெளியே குடியேற்றும் வேலைக்கு முதலிடம் கொடுங்கள் என்பது அதன் சாரம். குடும்பத்துக்கு நாலு பேர் என்று வைத்துக்கொண்டாலும் இரண்டரை லட்சம் ஜனங்களுக்கு மேல் ஆகிறது! 1973-ல் புலித் திட்டம் ஆரம்பமானதிலிருந்து ஐம்பது வருஷங்களில் வெளியேற்றப்பட்டவர்கள் சுமார் 25,000 குடும்பங்கள்தான். அதைப்போல இரண்டரை மடங்குக் குடும்பங்களை இனிமேல் அப்புறப்படுத்த வேண்டும் என்கிறார்கள்.

புலி வேண்டாம் என்று நாம் சொல்ல வரவில்லை. புலி இல்லாத காட்டை நினைத்துப் பார்க்கவே மனம் ஒப்பவில்லை. காட்டுக்குக் காவல் வேண்டும், எல்லை வேண்டும், திட்டம் வேண்டும். இதிலெல்லாம் நமக்கு ஆட்சேபம் கிடையாது. அந்தத் திட்டத்தின் முதல் கோட்டைப் போடும்போதே அங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்கிற ஜனங்கள் உடன் உட்கார்ந்திருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறோம். எழுதி முடித்த திட்டத்தைக் கொண்டுபோய்க் கைநாட்டு வாங்கிக்கொண்டு வருவதற்குக் கலந்தாலோசனை என்று பெயர் வைப்பது தகாது. இது வெறும் தர்ம நியாயம் மட்டுமல்ல. காட்டின் நன்மைக்கே இதுதான் வழி என்பதற்கு நம் எல்லைக்கு அப்பாலேயே அத்தாட்சி இருக்கிறது.

வெள்ளை மலையின் மைத்துனர்கள்

சத்தியமங்கலத்திலிருந்து பண்ணாரி வழியாகத் திம்பம் மலைப்பாதையில் ஏறி, ஆசனூரையும் தாண்டிப் போனால் கர்நாடக எல்லை வருகிறது. அப்புறம் சாமராஜநகர் ஜில்லா. அந்த ஜில்லாவில், மேற்குத் தொடர்ச்சி மலையும் கிழக்குத் தொடர்ச்சி மலையும் கை கோத்துக்கொள்கிற இடத்தில் இருக்கிறது பிளிகிரிரங்கன் மலை. பிளி என்றால் கன்னடத்தில் வெள்ளை. உச்சியில் ரங்கசாமி கோயில் கொண்டிருக்கிறார். சுற்றிலும் யானையும் காட்டெருமையும் புலியும் உலாவும் காடு. தெற்கே அது நம் சத்தியமங்கலம் காட்டோடு சேர்ந்துவிடுகிறது. யானைக்கு இரண்டு மாநிலங்களின் எல்லைக்கல் தெரியாது அல்லவா?

இந்த மலையின் பழங்குடி மக்கள் சோளகர். சுற்றுவட்டாரத்தில் ஏறக்குறைய 60 குடியிருப்புகளில் 16,000 பேர் வசிக்கிறார்கள். குடியிருப்புக்கு அவர்கள் பாஷையில் பொடு என்று பெயர். நம் பக்கத்தில் தாளவாடியிலும் பர்கூரிலும் இருப்பவர்கள் இவர்களுடைய உறவின் முறையார்தான். ரங்கசாமி ஒரு சோளகப் பெண்ணைக் கொண்டு போய்க் கல்யாணம் செய்துகொண்டார் என்பது இவர்களுடைய ஐதிகம். ஆகையால் சாமியே இவர்களுக்கு மைத்துனர் முறை! புலியும் இவர்களுக்கு வெறும் மிருகம் அல்ல, தெய்வத்தின் வாகனம். தேன் எடுக்கிறபோது கொஞ்சம் அடையைத் தரையில் வைத்துவிட்டு வருவது இவர்கள் வழக்கம். புலிக்கு மரம் ஏறித் தேன் எடுக்க வராதாம், பாவம்!

1974-ல் இந்த மலை வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. காட்டுக்குள்ளே சிதறியிருந்த பொடுகளில் பலவற்றை ஓரத்துக்குக் கொண்டுவந்து குடியேற்றினார்கள். வேட்டை நின்றது. இடம் மாற்றி இடம் ராகி விதைக்கிற பழைய சாகுபடி நின்றது. வருஷா வருஷம் சருகுக்கு வைக்கும் தீயும் நின்றது. 1987-ல் சரணாலயம் சுமார் 540 சதுர கிலோமீட்டராக விரிவடைந்தது. தேன், நெல்லிக்காய், பாசி முதலியவற்றைச் சேகரித்துக் கூட்டுறவுச் சங்கத்தின் மூலம் விற்பது மாத்திரம் மிஞ்சியிருந்தது. 1990-களில் ஆராய்ந்தவர்கள், சோளகக் குடும்பத்தின் வருமானத்தில் ஏறக்குறையப் பாதி இந்தச் சேகரிப்பிலிருந்தே வருகிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். 2006-ல் விற்பனைக்காகச் சேகரிப்பதும் தடை செய்யப்பட்டது. பாதி வருமானம் ஓர் உத்தரவில் போயிற்று! ஆண்கள் குடகுத் தோட்டங்களுக்கும் கல் உடைக்கிற வேலைக்கும் கிளம்பினார்கள். 2011 ஜனவரியில் அதே காடு புலிகள் காப்பகமாயிற்று. ஒவ்வொரு அறிவிப்பும் மேலேயிருந்து கீழே வந்ததுதான்.

சருகுத் தீ

மேற்சொன்ன தடைகளில் வேட்டைத் தடையைப் பற்றி நாம் தர்க்கம் செய்யப் போவதில்லை. ஆனால் தீயைப் பற்றிக் கொஞ்சம் விஸ்தாரமாகச் சொல்லியாக வேண்டும்.

உண்ணிச்செடியைத் தெரியாத வாசகர்கள் இருக்கமாட்டார்கள். மஞ்சளும் ஆரஞ்சும் ரோஸுமாகக் கொத்துக் கொத்தாகப் பூத்து வேலி ஓரங்களில் நிற்குமே, அதுதான். பார்வைக்கு அழகு, ஆனால் அந்நிய நாட்டுச் சரக்கு. அமெரிக்கக் கண்டத்துச் செடியை 19-ஆம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் வெள்ளைக்காரர்கள் தோட்டத்து அலங்காரத்துக்காக இங்கே கொண்டுவந்தார்கள். அது தோட்டத்தைத் தாண்டிக் காட்டுக்குள் புகுந்துவிட்டது. புகுந்த இடத்தில் புல் முளைக்காது. புல் இல்லாவிட்டால் மானுக்குத் தீனி இல்லை. மான் குறைந்தால் புலி எதைத் தின்னும்?

பிளிகிரிரங்கன் மலையில் ஆராய்ச்சியாளர்கள் செடிகளை எண்ணிப் பார்த்தார்கள். 1997-ல் இருபது தண்டுக்கு ஒரு தண்டு உண்ணிச்செடியாக இருந்தது. 2008-ல் மூன்றுக்கு ஒன்று! காப்பாற்றப்பட்ட காட்டில், கோடரி நுழையாத காட்டில், பதினோரு வருஷத்தில் இந்தக் கதி.

காரணம் என்னவென்று சோளகரைக் கேட்டபோது அவர்கள் தயக்கமில்லாமல் ஒரு பதில் சொன்னார்கள்: தரகு பெங்கியை நிறுத்தினீர்கள், அதனால்தான். தரகு என்றால் சருகு. பெங்கி என்றால் தீ. ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள், சருகு உதிர்ந்து மண்ணில் ஈரம் முழுதும் வற்றாத காலம் பார்த்து அவர்கள் தீ வைப்பார்கள். சருகு அதிகம் சேராததால் அந்தத் தீ தரையோடு தரையாக ஓடும். பெரிய மரங்களைத் தொடாது. உண்ணிச்செடியின் கன்றும் விதையும் அதில் கருகிப் போகும். பின்னால் புல் தழைக்கும், கிழங்கு கிளம்பும். தீயை நிறுத்தினதும் கன்றுகள் புதராயின. புதர்கள் ஆள் உயரத்துக்கும் மேலே போயின. இப்போது எங்காவது தீ பிடித்தால் அது புதரின் மேல் ஏறி மரத்தின் தலைக்கே போய்விடுகிறது. ஆகவே, சரி, பழையபடி கொளுத்திவிடலாம் என்று இன்றைக்கு யாரும் சுலபமாகச் சொல்லிவிட முடியாது. சோளகரே அதற்குப் பயப்படுகிறார்கள். ஒரு வழக்கத்தை நிறுத்துவதற்கு ஒரு காகிதம் போதும். திரும்பக் கொண்டுவருவதற்கு என்ன போதும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

நெல்லி மர விஷயமும் இதைப் போலத்தான். காட்டு நெல்லி மரங்களில் புல்லுருவி ஏறி மரத்தையே உறிஞ்சிக் கொன்றுவிடுகிறது. சருகுத் தீயின் சூடும் புகையும் புல்லுருவியை மட்டுப்படுத்தி வைத்திருந்தன, தீ நின்றபின் அது பெருகிவிட்டது என்பது சோளகருடைய அனுபவம். 2010-ல் வெளியான ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை இந்த அனுபவத்தைப் பதிவு செய்து, நிர்வாகம் இதைக் கவனித்தாக வேண்டும் என்று எழுதிற்று. 1974-க்கும் 2010-க்கும் இடையே 36 வருஷங்கள்! நெல்லிக்காய் பறிக்கிறவர்கள்தான் மரத்தைக் கெடுக்கிறார்கள் என்று பழி சொல்வதற்கு முன்னால், மரத்தை அண்ணாந்து பார்த்தே பிழைக்கிறவர்களை ஒரு நாள் உட்காரவைத்துக் கேட்டிருந்தால் என்ன நஷ்டம் வந்திருக்கும்?

சோளகர் சொல்வதெல்லாம் வேதவாக்கு என்று நாம் சாதிக்கவில்லை. உண்ணிச்செடி பரவியதற்குத் தீ நின்றது ஒன்றுதான் காரணமா என்று நிபுணர்களுக்குள் இன்னும் வாதம் நடக்கிறது. அடிக்கடி தீ ஓடினால் மரக் கன்றுகள் பிழைக்காது என்று தாவர சாஸ்திரிகள் சொல்வதும் பொய்யல்ல. அப்படியானால் செய்ய வேண்டியது என்ன? இரண்டு பேரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து, சிறு சிறு பாகங்களாகச் சோதனை செய்து பார்ப்பதுதான். வன இலாகாவே தீத்தடுப்புக் கோடுகளுக்காக வருஷந்தோறும் புல்லைக் கொளுத்துகிறது. ஆகவே தீ என்றாலே இலாகாவுக்கு ஆகாது என்பதில்லை. யார் கையில் நெருப்புப் பெட்டி இருக்கிறது என்பதுதான் தகராறு!

படத்தில் இல்லாத இடங்கள்

காட்டிலாகாவின் படத்தைப் பார்த்தால் ரேஞ்சுகள், பீட்டுகள், ரோடுகள், காவல் குடிசைகள் எல்லாம் இருக்கும். சோளகரின் காடு அந்தப் படத்தில் இல்லை. அவர்கள் காட்டைத் தங்கள் குலங்களுக்குரிய எல்லைகளாகப் பகுத்து வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு எல்லையிலும் ஒரு தேவரு, ஒரு மாரம்மா, ஒரு வீரு, முன்னோரைப் புதைத்த கல்லுகுடி, அப்பி எனப்படும் ஊற்று இவையெல்லாம் உண்டு. ஏட்ரீ என்கிற ஆராய்ச்சி நிலையத்தார் சோளகப் பெரியவர்களோடு நடந்து போய் இந்த இடங்களைக் குறித்தபோது, ஏறக்குறைய 500 ஸ்தலங்கள் சேர்ந்துவிட்டன. பார்கவி ஆற்றங்கரையில் நிற்கும் தொட்ட சம்பிகே என்கிற பிரம்மாண்டமான சண்பக மரமும் அவற்றில் சேர்ந்ததுதான்.

இது பக்தி விஷயம், திட்டத்துக்கு என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. ஊற்று இருக்கிற இடம் என்றால் கோடையில் மிருகங்கள் தண்ணீருக்கு வருகிற இடம். தேவருவைச் சுற்றி மரம் வெட்டுவதில்லை என்பது கட்டுப்பாடு. எல்லைக்கு உரிய குலத்துக்கு அந்த இடத்தின் மேல் ஒரு பொறுப்பு உண்டு. வேற்று ஆள் வந்து கண்ணி வைத்தால் முதலில் தெரிந்துகொள்கிறவன் அவன்தான். சம்பளம் வாங்காத இப்பேர்ப்பட்ட காவலை விலக்கிவிட்டு, போதாத சம்பளத்துக்குத் தற்காலிகக் காவலர்களை வைத்துக் காட்டைக் காப்பது என்ன சிக்கனமோ, நமக்கு விளங்கவில்லை.

2011-ஆம் வருஷம் அக்டோபர் 2-ந் தேதி, காந்தி ஜயந்தியன்று, இந்த மலையில் ஒரு நல்ல காரியம் நடந்தது. 25 கிராம சபைகளுக்குச் சமூக வன உரிமைப் பட்டாக்கள் வழங்கப்பட்டன. புலிகள் காப்பகம் ஒன்றுக்குள் இம்மாதிரி உரிமை கொடுக்கப்பட்டது இந்தியாவில் அதுவே முதல் தடவை. சேகரிக்க, மேய்க்க, மீன் பிடிக்க, தெய்வ ஸ்தலங்களுக்குப் போய்வர மாத்திரம் அல்ல, காட்டைப் பாதுகாத்து நிர்வகிக்கவும் உரிமை என்று அதில் எழுதியிருக்கிறது. நிர்வகிக்க என்கிற சொல்லைக் கவனிக்க வேண்டும்.

ஜனங்கள் உள்ளே இருந்தால் புலி தொலைந்துவிடும் என்றவர்கள் பிறகு வந்த கணக்கைப் பார்த்திருப்பார்கள். 2010-ல் 35 என்றிருந்த புலிகள் 2014-ல் 68 என்று செய்தி வந்தது. பின்னால் வந்த கணக்கெடுப்புகளில் இந்த எண்ணிக்கை குறைந்தும் இருக்கிறது. ஆகவே சோளகரால்தான் புலி பெருகிற்று என்று தம்பட்டம் அடிப்பது சரியல்ல. ஆனால் சோளகர் இருந்தும் புலி பெருகிற்று என்பதை யாராலும் மறுக்க முடியாது.

சட்டத்துக்குக் குறைவில்லை

சட்டம் இல்லாததால் இந்தக் கஷ்டம் என்று எண்ணவேண்டாம். 2006-ல் திருத்தப்பட்ட வனவிலங்குச் சட்டத்தின் 38-வி பிரிவு, புலிகள் திட்டம் அங்குள்ள மக்களின் ஜீவனோபாயத்தைக் காக்க வேண்டும், கிராம சபை சம்மதிக்காமல் யாரையும் நகர்த்தக் கூடாது என்கிறது. அதே வருஷத்து வன உரிமைச் சட்டமும் கிராம சபைக்கே அதிகாரம் கொடுக்கிறது. அந்தச் சட்டம் 2007 டிசம்பர் 31-ல் அமலுக்கு வந்தது. அதற்கு முந்திய சில வாரங்களில் தேசமெங்கும் புலிகள் காப்பகங்களின் உட்பகுதிகள் அவசரம் அவசரமாக அறிவிக்கப்பட்டன. நம் முதுமலைக்கு அறிவிப்பு வந்தது டிசம்பர் 28-ல். மூன்று நாள் பொறுத்திருந்தால் புலி ஓடிப்போயிருக்குமா? 2017-ல் உட்பகுதிகளில் வன உரிமை கொடுக்க வேண்டாம் என்று ஓர் உத்தரவு போட்டு, மறு வருஷம் அதை வாபஸ் வாங்கினார்கள். ஒரு கை கொடுப்பதும் மறு கை பிடுங்குவதுமாக இருந்தால் ஜனங்களுக்கு நம்பிக்கை எங்கிருந்து வரும்?

நம்பிக்கையைப் பற்றிச் சொல்லும்போது இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. வீரப்பனைத் தேடிய காலத்தில் இந்த இரு மாநிலக் காடுகளிலும் மலைவாசிகள் பட்ட பாடு கொஞ்சமல்ல. தேசிய மனித உரிமை ஆணையம் விசாரணை நடத்தி, 2007-ல் 89 பேருக்கு 2 கோடியே 80 லட்ச ரூபாய் இடைக்கால நிவாரணம் கொடுக்கச் சொல்லிற்று. காக்கி உடையைக் கண்டால் எழுந்து ஒதுங்கி நிற்கப் பழகிய மனிதரிடம், உம் அபிப்பிராயம் என்ன, சொல்லும் என்று கேட்டால் அவர் என்ன சொல்வார்? தலையை ஆட்டிவிட்டுப் போவார். அந்தத் தலையாட்டலைச் சம்மதம் என்று ரிஜிஸ்தரில் எழுதிக்கொள்வார்கள்.

எதிர்வாதமும் பதிலும்

சோளகரும் முன்போல் இல்லையே, ஜனத்தொகை கூடிவிட்டது, மோட்டார் சைக்கிள் வந்துவிட்டது, இளைஞர்களுக்குக் கிழங்கின் பெயர்கூடத் தெரியவில்லை என்று சிலர் வாதிக்கிறார்கள். இதில் கொஞ்சம் உண்மை உண்டு. காட்டைவிட்டு வெளியே போய்ப் பிள்ளைகளைப் படிக்கவைக்க விரும்பும் குடும்பங்களும் உண்டு. அவர்கள் மனமொப்பிப் போனால், உரிய பணத்தையும் நிலத்தையும் கொடுத்து மரியாதையோடு அனுப்ப வேண்டியதுதான். ஆனால் வருமானத்தை அடைத்துவிட்டு, ரோடும் பள்ளிக்கூடமும் மின்சாரமும் கொடுக்காமல் வருஷக்கணக்கில் காயப்போட்டுவிட்டு, பிறகு போகிறாயா என்று கேட்டால் அதை மனமொப்புதல் என்று ஒப்புக்கொள்ள முடியாது. இளைஞர்களுக்குக் கிழங்கின் பெயர் தெரியவில்லை என்றால், அவர்களைக் காட்டுக்குள் போக விடாத வருஷங்களையும் கணக்கில் சேர்க்க வேண்டும். சோளகர் காலடி பட்டால் கெட்டுப்போகிற காடு, உல்லாசப் பிரயாணிகளின் ஜீப் சக்கரத்தால் கெட்டுப்போவதில்லையா என்று ஒரு வாசகர் நம்மைக் கேட்டால் நாம் என்ன பதில் சொல்வது?

எப்படித்தான் திட்டம் போடுவது என்றால், இதற்குப் பெரிய சாஸ்திரம் ஒன்றும் வேண்டியதில்லை. இலாகாவின் படத்தை விரிப்பதற்கு முன்பு பொடுவுக்குப் பொடு நடந்து சோளகரின் படத்தை எழுதிக்கொள்ள வேண்டும். பெண்கள் சொல்வதையும் சேர்த்து. கிழங்கும் கீரையும் அவர்கள் துறை. எந்த ஓடையில் கோடையிலும் நீர் நிற்கும், எந்தச் சரிவில் உண்ணிச்செடியைப் பிடுங்கினால் புல் திரும்பும் என்பது அதில் வந்துவிடும். திட்டத்தின் நகல் ஆங்கிலத்தில் இருந்தால் போதாது. அங்கே கன்னடத்திலும் இங்கே தமிழிலும் எழுதி, கிராம சபையில் வாய்விட்டுப் படிக்க வேண்டும். வேண்டாம் என்று சபை சொல்கிற பக்கத்தைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதுகிற மனசு அதிகாரிகளுக்கு வேண்டும். தேன் எத்தனை அடை, நெல்லி எத்தனை மூட்டை என்று எடுப்பவர்களே எழுதிவைக்கும் கணக்குக்கு இலாகாவின் கணக்கோடு சமமான மதிப்புக் கொடுக்க வேண்டும். ஆராய்ச்சியாளர்கள் பிளிகிரிரங்கன் மலையில் இதைச் சோளகரோடு சேர்ந்து வருஷக்கணக்கில் நடத்திக் காட்டியிருக்கிறார்கள். உரிமைப் பட்டா கிடைத்த பிறகு சோளகர் சங்கத்தாரே ஆராய்ச்சியாளர்களின் துணையோடு காட்டுக்கு ஒரு பாதுகாப்புத் திட்டம் தயாரிக்கவும் முன்வந்தார்கள். சொல்லத் தெரியாதவர்கள் அல்ல அவர்கள். கேட்பதற்குத்தான் ஆள் வேண்டியிருக்கிறது.

நம் பக்கத்துக் காட்டைப் பற்றியும் பேசியாக வேண்டும். சத்தியமங்கலம் 2013-ல் புலிகள் காப்பகமாயிற்று. 1,408 சதுர கிலோமீட்டர். அங்கேயும் சோளகர், அங்கேயும் உண்ணிச்செடி. வன உரிமைப் பட்டா வழங்குவதைத் தடுத்துவைத்திருந்த கோர்ட்டு உத்தரவு 2016-ல் நீங்கியது. தாளவாடி மலையில் உள்ள ஒவ்வொரு கிராம சபையும் தன் எல்லையின் படத்தைத் தானே வரைவதற்கு இப்போது தடை ஒன்றும் இல்லை. புலிகள் காப்பகத் திட்டங்கள் பத்து வருஷத்துக்கு ஒரு முறை எழுதப்படுகின்றன. ஒரு தவணை தவறினால் பத்து வருஷம் காத்திருக்க வேண்டும். சருகுத் தீயை ஓரிரு சரிவுகளில் சோதித்துப் பார்ப்பதென்றால் அவ்வளவு நாள்கூட இல்லை. தை பிறந்தால் இலை உதிரத் தொடங்கிவிடும். மாசிக்குள் வைத்தால்தான் தீ தரையில் ஓடும், பங்குனி போய்விட்டால் மரத்தில் ஏறும். இடம் பார்த்து, புதர் வெட்டி, யார் யார் நிற்பது என்று முடிவு செய்யக் கார்த்திகையிலேயே கூட்டம் போட்டாக வேண்டும்.